சுவரில் முளைத்த கூந்தல்

சிவலார்பட்டி மேலரத வீதியில் சுனைமூர்த்தி அழகு மாளிகையின் முன்சுவரில் ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் முடி முளைத்திருந்தது. ஊதா டைல்ஸ் பதித்த வழுவழுப்பான சுவர், ஈ உட்கார்ந்தாலும் வழுக்கிவிடும், அதில் எங்கே வேர் பிடித்தது என்றெல்லாம் கேட்காதீர்கள். விடியும்போது அறுகம்புல் உயரம் இருந்தது, பால்காரர் இரண்டாவது நடை வரும்போது முழ நீளம் இருந்தது, பள்ளிக்கூட மணி அடிக்கும்போது இடுப்பளவு தொங்கியது, பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்க வந்த கடைப்பெண்கள் அதை வகிடெடுத்து இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுத்தான் பூட்டைத் தேட வேண்டியிருந்தது. ஒரே தலையின் முடியும் இல்லை அது. சுருட்டை, கோரை, செம்பட்டை, எலிவால், நுனியில் மட்டும் நரைத்தது, ரப்பர்பேண்டு போட்ட தடம் மாறாதது என்று முப்பது நாற்பது தலையின் முடி, தனித்தனிக் கொத்தாக, அவரவர் இடத்தில் நிற்பது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டத்தோடு நின்று பார்த்த சொர்ணக்கிளி வலது ஓரத்துக் கொத்தைக் கண்டதுமே ஆட்களை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள். வெயில் பட்டால் லேசாகச் செம்புநிறம் காட்டுகிற, பிடரிப் பக்கம் மட்டும் சுருண்டுகொள்கிற அந்த முடியை மூன்று நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, அவள்தான் தன் கையால் கழுவினாள். கழுவக் கழுவ அது கொழகொழவென்று அவள் விரலிலேயே கரைந்து, சாக்கடைக் குழிக்குள் போனதையும் அவள்தான் பார்த்தாள். பவளரேகாவின் முடி.

சொர்ணக்கிளிக்கு நாற்பத்திநாலு வயது. ஒற்றை நாற்காலி, ஒற்றைக் கண்ணாடியோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்பது வருடமாகக் ‘கிளி பியூட்டி பார்லர்’ நடத்துகிறாள். புருஷன் கருத்தபாண்டி ஆட்டோ ஓட்டுகிறார், ரேஷன் கடைக்குப் போவதும் அவர்தான், ஏனென்றால் மூன்று வருடமாக அந்தக் கைரேகை மெஷின் சொர்ணக்கிளியின் விரலைக் கண்டாலே சிவப்பு விளக்கு காட்டுகிறது. மெஷின் கோளாறு என்று கடைக்காரர் சொன்னார், அவளும் சரி என்று விட்டுவிட்டாள். கண்டிப்பானவள். தலையில் கை வைப்பதற்கு முன்னால் பிடரியில் நாலு முடி வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் மருந்தோடு போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முடி தாங்கினால்தான் தலைக்கு மருந்து. இல்லையென்றால் கலெக்டர் பெண்டாட்டியாக இருந்தாலும் எண்ணெய் தடவி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவள் அதைச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், பவளரேகா முடியை நேராக்கிக்கொள்ள வந்திருந்தாள். பவளரேகாவின் அம்மா வேலம்மாள் பக்கத்திலேயே நின்றாள்.

“மதினி, நாலே நாலு முடி வெட்டிக்கிறேன், கிண்ணத்துல போட்டுப் பாத்துட்டுத் தலையில வைப்போம்.”

“வெள்ளிக்கிழமை அதுவுமா? முகூர்த்தக்கால் ஊனியாச்சு, பொண்ணு தலையில கத்திரி படலாமா? என்ன பேச்சு பேசுற சொர்ணம்!”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒன்பது வருடமாக அதே ஊதாப் பெட்டி மருந்து, அதே சுனைமூர்த்தி மாளிகைச் சரக்கு, ஒருநாளும் ஏமாற்றியதில்லை. வெட்டாமலே ஒரு இழையில் தடவிப் பார்த்திருக்கலாம் என்ற எண்ணம், பாழாய்ப்போன எண்ணம், அப்போது வரவில்லை, எல்லாம் முடிந்த பிறகு வந்து அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இந்த மருந்துச் சங்கதியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முடி என்பது கந்தகம் கைகோத்து நிற்கிற ஒரு கயிறு. சுருட்டையை நேராக்கவோ, கோரையைச் சுருட்டவோ வேண்டுமென்றால் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பிரித்துவிட்டு, முடியை வேண்டிய வாகுக்குக் கொண்டுவந்து, இரண்டாவது மருந்தைப் போட்டு மறுபடியும் கோத்துவிட வேண்டும். பிரிக்கிற வேலையைச் செய்வது தயோகிளைகாலிக் என்கிற அமிலம். அதே அமிலத்தில் சுண்ணாம்பும் காரமும் தூக்கலாக ஏற்றினால் கை பிரிவதோடு நிற்காது, முடியே கூழாகிப்போகும்; கை கால் முடியை எடுக்க அதே மாளிகை விற்கிறதே ரோஸ் பெட்டி, அந்த கிரீம் அதுதான். ஆக ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் இரண்டும், ஒன்று தலைக்குப் போகும், ஒன்று தலைப் பக்கமே போகக்கூடாது. அளவும் நேரமும் தெரியாதவன் கையில் அது கிடைத்தால் குடி கெட்டது.

ஏழாவது நிமிடத்தில் பவளரேகா, “யக்கா, எரியுது யக்கா” என்றாள். வழக்கமான அழுகின முட்டை நாற்றத்துக்கு நடுவே புதிதாகச் சுண்ணாம்பு நெடி ஒன்று மூக்கில் ஏற, சொர்ணக்கிளி அலறிக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினாள். முடி போய்விட்டது. உச்சந்தலையும் இடது காதுக்கு மேலேயும் கொப்புளம் போட்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மொட்டைப் பொண்ணு எங்களுக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்கு உச்சியில் எண்ணி ஏழு முடி இருந்தது, அதைப் பற்றி அங்கே ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

ஊர் என்ன சொல்லும்? சொர்ணக்கிளியைச் சொன்னது. வேலம்மாள் பார்லர் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள், பக்கத்துக் கடைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை, நாற்காலி சும்மா கிடந்தது. மாளிகை முதலாளி சுனைமூர்த்தி அண்ணாச்சி மட்டும் வருத்தமான முகத்தோடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: “நல்ல சரக்கு, கை சரியில்ல. என்ன செய்ய?” அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவர் சுவரில் முடி முளைத்தது.

முதல் நாள் ஊர் வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. மூன்றாம் நாள் அதற்கு வேலை பார்க்கத் தொடங்கிவிட்டது, ஏனென்றால் முடி என்று ஒன்று இருந்தால் சிக்கு விழும், சிக்கு விழுந்தால் யாராவது எடுத்தாக வேண்டும். கொத்துக் கொத்தாகப் பெண்கள் வந்து தங்கள் முடியை அடையாளம் கண்டார்கள், போன தையில் முடி கொட்டி முக்காடு போட்டுத் திரிகிற கணக்கு டீச்சர், நரைத்த நுனியைப் பார்த்ததும், “இது என்னுதாச்சே!” என்று கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அழுத கையோடு சீப்பை எடுத்து வாரிப் பின்னிவிட்டு, பின்னலை ஹேர்பின்னால் தூக்கிச் செருகிவிட்டு முதல் பீரியடுக்கு ஓடினார். பூக்காரி தன் கூடையைக் கோயில் வாசலிலிருந்து சுவருக்கு எதிரே மாற்றிக்கொண்டாள். செவ்வாயும் வெள்ளியும் சீயக்காய் போட்டு அலசினார்கள், மழைக்காலத்து ஈரம் போகச் சாம்பிராணி பிடித்தார்கள். மின்வாரியத்து ஆள் வந்து, கம்பியில் படுகிறது என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, மேல்வரிசை முடிக்கெல்லாம் கொண்டை போட்டுவிட்டு இறங்கினார். தெருவோரத்து முடி யாருடைய பொறுப்பு என்று நகராட்சியில் பேச்சு வந்தபோது, அது பொதுச்சுவர் இல்லை, தனியார் சுவர் என்று சுகாதாரப் பிரிவும், முளைத்தது சுவரில் என்றாலும் தொங்குவது தெருவில் என்று வருவாய்ப் பிரிவும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

சொர்ணக்கிளி தினமும் போனாள். கூட்டம் குறைகிற மத்தியான நேரத்தில் போய் வலது ஓரத்துக் கொத்தை மட்டும் வாரிவிட்டு வருவாள். அவள் கண்ணில் பட்டது இதுதான்: இது அவள் பார்லரில் போன முடி மட்டும் இல்லை. கணக்கு டீச்சர் போனது ரயில்வே கேட் பக்கத்துப் பார்லருக்கு. ரப்பர்பேண்டுத் தடம் இருந்த பிள்ளைக்கு வீட்டிலேயே அவள் சித்தி தடவிவிட்டாள். ஏழெட்டுக் கைகள், ஏழெட்டு இடங்கள், சரக்கு மட்டும் ஒரே மாளிகைச் சரக்கு. அத்தனை பேருக்குமா கை சரியில்லை?

அந்த நாட்களில் சுனைமூர்த்தி செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். மனுஷனுக்கு வெட்கம் வரவில்லை, பயம் வரவில்லை, யோசனை வந்தது. சுவரில் தொங்கின முடிக்கு மேலே, மாடியிலிருந்து மாடிக்கு, பானர் கட்டினார்: ‘எங்கள் தயாரிப்பு பட்ட சுவரிலும் கூந்தல் வளரும்!’ பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஊதாப் பெட்டி வாங்கினால் சுவர் முடியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று வேறு அறிவித்தார். பவளரேகாவின் முடியைத் தோளில் முன்பக்கமாகப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு பெண் பல்லைக் காட்டி நின்றதை சொர்ணக்கிளி பார்த்தாள். அடப்பாவிகளா, அந்த முடிக்குச் சொந்தக்காரி தலை முழுக்கக் களிம்பு தடவிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடக்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்து அடுக்களையில் மஞ்சள்பொடியை எடுத்தாள். ஆரத்தி கரைக்காத வீடு உண்டா, மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாத பெண் உண்டா? மூன்று கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து வைத்தாள். அலமாரியின் கடைசியில் போன வருடத்து ஊதாப் பெட்டியில் கால்வாசி மிச்சம் இருந்தது. அதைத் துளி போட்டாள், லேசாகச் செங்கல் நிறம் காட்டியது. இந்த வருடத்து ஊதாப் பெட்டியைப் போட்டாள், போட்ட மாத்திரத்தில் ரத்தச் சிவப்பு. ரோஸ் பெட்டியைப் போட்டாள், அதுவும் அதே ரத்தச் சிவப்பு. இரண்டு கிண்ணத்தையும் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், எது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஒரே டிரம்முல இருந்து ரெண்டு பெட்டிக்கும் ஊத்தியிருக்கான்யா” என்றாள்.

கருத்தபாண்டி கிண்ணங்களைப் பார்த்தார். “சரிதான். அவரு வர்த்தகர் சங்கத்துல பொருளாளரு. நீ மஞ்சப்பொடியைத் தூக்கிட்டுப் போயி என்ன செய்யப் போற?”

“போய்க் கேக்கப் போறேன்.”

அவள் போவதற்கு முன்னால் அவர்களே கூப்பிட்டு அனுப்பினார்கள். சுவர் சங்கதி பேப்பரில் வந்து, திங்கட்கிழமை மாவட்டத்திலிருந்து மருந்து ஆய்வாளர் வருவதாக இருந்தது. அதற்குள் சுனைமூர்த்திக்கு ஒரு காகிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வர்த்தகர் சங்கக் கட்டடத்தில் மின்விசிறிக்கு அடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வேலம்மாளும் ஒரு ஓரத்தில் இருந்தாள். சங்கத் தலைவர் காகிதத்தை வாசித்தார்: ‘மேற்படி பவளரேகாவுக்கு ஏற்பட்ட பாதிப்பு முழுவதும் எனது கவனக்குறைவால் நேர்ந்தது, பொருளில் எந்தக் குறையும் இல்லை.’

“கையெழுத்துப் போட்டா நீ பாட்டுக்குக் கடையைத் தொறந்து நடத்து தங்கச்சி” என்றார் சுனைமூர்த்தி, குரலில் தேன் வழிந்தது. “போடலன்னா சங்கத்துல பூட்டுப் போட்ருவாக. நான் என்ன செய்ய முடியும்?”

சொர்ணக்கிளி மூன்று கிண்ணத்தையும் மேஜைமேல் வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், பிறகு சிரிப்பு கிளம்பியது. “மஞ்சப்பொடியில கெமிக்கல் டெஸ்டு! சாம்பாருக்கும் ஆச்சு, சயின்ஸுக்கும் ஆச்சு” என்றார் ஒருத்தர். சிரிக்காதவள் வேலம்மாள் மட்டும்தான். அவள் எழுந்து வந்து, சிவந்த இரண்டு கிண்ணங்களையும் குனிந்து பார்த்தாள், மோந்து பார்த்தாள், திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

“சரக்கை அடைக்கிற பொம்பளைகளே சாட்சிக்கு வந்திருக்காக” என்று சுனைமூர்த்தி வாசல் பக்கம் கையைக் காட்டினார். அவருடைய குடோனில் பெட்டி நிரப்புகிற சீனித்தாயும் இன்னொருத்தியும் முந்தானையால் கையைப் போர்த்திக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். “வேற வேற சரக்குன்னு அவுகளே சொல்லுவாக. கையெழுத்தைப் பின்னாடி என்னுது இல்லம்பாக, கைநாட்டா வாங்கிருங்க தலைவரே, சாட்சிக்கும் கைநாட்டு, இந்தத் தங்கச்சிக்கும் கைநாட்டு. ரேகை பொய் சொல்லாது.”

மைப்பெட்டி வந்தது. சொர்ணக்கிளி சுற்றிலும் பார்த்தாள். ஒரு முகமும் அவளுக்காக இல்லை. பூட்டின கடையும் சும்மா கிடக்கிற நாற்காலியும் கண்ணுக்குள் வந்தன, அதைவிடப் பெரிதாகப் பவளரேகாவின் முதுகு வந்தது, இந்தக் காகிதத்தில் விரல் வைத்தால் இனி அடுத்த கல்யாணப் பெண்ணுக்கும் இதே டிரம்மு என்பது வந்தது. “நான் வைக்க மாட்டேன்” என்றாள். பக்கத்தில் இருந்தவர் அவள் இடது கையைப் பிடித்து, “அட வைம்மா, நேரமாகுது” என்று கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அமுக்கிவிட்டார்.

காகிதத்தில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. ரேகை இல்லை. ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை, கரிக்கட்டையை அமுக்கி எடுத்த மாதிரி வெறும் பொட்டு.

“மை ஜாஸ்தி” என்றார் தலைவர். துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார்கள், அதே பொட்டு. வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள், பத்துப் பொட்டு. சொர்ணக்கிளி தன் கையைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஏதோ அந்நியர் கையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். ரேஷன் கடையில் மெஷின் கோளாறு இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“என்ன தில்லுமுல்லு இது?” என்று சுனைமூர்த்தி சத்தம் போட்டார். “சாட்சியை மொதல்ல வாங்குங்க.”

சீனித்தாய் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுக்கவே மாட்டேன் என்றாள். இழுத்துத்தான் எடுத்தார்கள். நகமெல்லாம் மஞ்சள் பூத்து, விரல் நுனி வெடித்து, தோல் உரிந்த கை. மையில் தோய்த்து வைத்தார்கள். பொட்டு. அடுத்தவளுக்கும் பொட்டு. சாட்சி என்று எழுதின இடத்துக்குக் கீழே இரண்டு கறுப்புப் பொட்டுகள் ஒன்றுபோல் காய்ந்துகொண்டிருந்தன.

“கையுறை கேட்டோம்” என்றாள் சீனித்தாய், யாரையும் பார்க்காமல். “சாமான் தேய்க்கிற கைக்கு என்னத்துக்கு உறைன்னாக. காலையில ஊதாப் பெட்டி, மத்தியானம் ரோஸ் பெட்டி. டிரம்மு ஒண்ணுதான் யக்கா. இந்த வருசம் பூரா ஒரே டிரம்முதான்.”

சொர்ணக்கிளிக்கு அப்போது வந்த கோபத்தை அந்தக் கட்டடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், மீசைக்கு மேலே வியர்த்துப்போய் நின்ற சுனைமூர்த்தியின் கையைப் பிடித்து, பத்து விரலையும் சேர்த்து மைப்பெட்டிக்குள் அமுக்கி, அதே காகிதத்தில், ‘பொருளில் எந்தக் குறையும் இல்லை’ என்ற வரிக்கு மேலேயே பதித்தாள்.

“பாருங்கய்யா!” என்றாள். “எல்லாரும் நல்லா வந்து பாருங்க. என் விரலைத் தின்னது இவரு சரக்கு, இவுக விரலைத் தின்னது இவரு சரக்கு, அந்தப் புள்ள முடியைத் தின்னதும் இவரு சரக்கு. இவரு கையை மட்டும் பாருங்க, பொறந்த புள்ள கையாட்டம் ஒரு ரேகை குறையாம இருக்கு! ஒருநாளாச்சும் இதைத் தொட்டிருந்தாத்தானே!”

ரேகைகள் அத்தனை தெளிவாக இருந்தன, சுழி சுழியாக, எண்ணி எடுக்கலாம். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மஞ்சள்பொடிக்குச் சிரித்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். சொர்ணக்கிளி காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மேலரத வீதிக்கு நடந்தாள், பின்னால் சீனித்தாயும் இன்னொருத்தியும் நடந்தார்கள், கொஞ்சம் தள்ளி வேலம்மாள் நடந்தாள். காகிதத்தைச் சுவரில் பவளரேகாவின் முடியில் ஹேர்பின் போட்டுக் குத்தினாள். சேதி பரவி, ரயில்வே கேட் பார்லர்க்காரி வந்து தன் பொட்டை வைத்தாள், தாலுகா ஆபீஸ் பக்கத்துப் பார்லர்க்காரி வந்து வைத்தாள், இடம் போதாமல் காகிதத்தைத் திருப்பி முதுகிலும் வைத்தார்கள்.

மத்தியானம் சுனைமூர்த்தி முடிவெட்டும் மெஷினோடு இரண்டு ஆட்களை அனுப்பினார். திங்கட்கிழமைக்குள் சுவர் சுத்தமாக வேண்டும் என்று உத்தரவு. அவர்கள் ஏணியைச் சாய்த்தபோது வேலம்மாள் முடிக்கு முன்னால் போய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

“வெள்ளிக்கிழமை அதுவுமா?” என்றாள். “எம் பொண்ணு தலையில கத்திரி வைக்கவா வந்தீக? வச்சுத்தான் பாருங்களேன்.”

ஏணி திரும்பிப் போனது. வேலம்மாள் கடைப் படியில் உட்கார்ந்து, சொர்ணக்கிளியையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, சுவர் முடிக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் தடவினாள்.

ஆய்வாளர் வந்தார், டிரம்முக்கு அரக்கு வைத்தார், ஷட்டர் இறங்கியது. பானர் மழையில் கிழிந்து போனது. தலையில் விரற்கடை முடி வளர்ந்தால் சுவரில் விரற்கடை குறைந்தது, கணக்கு டீச்சரின் நரைத்த நுனி ஒருநாள் சுவரை விட்டுப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். பவளரேகா, “எம் முடியைத்தானே பாத்தாக, அது அங்க சுவத்துல தொங்குது, தாலியை அதுக்கே கட்டச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பினாள். அவளுக்கு இடது காதுக்கு மேலே வெந்த இடத்தில் மட்டும் முடி வரவில்லை, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அந்த ஒரு கொத்து இன்னமும் சுவரில்தான் இருக்கிறது, பக்கத்தில் அதே மாதிரி இன்னும் ஏழெட்டுப் பேருடையதும் இருக்கிறது. சொர்ணக்கிளி கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறாள், கிண்ணச் சோதனை இல்லாமல் யார் தலையிலும் கை வைப்பதில்லை. ரேஷன் கடை மெஷின் மட்டும் இன்னும் அவளை ஆள் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் கட்டடம் வேறு ஆளுக்குக் கைமாறுகிறது, சுவரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நகராட்சியிலிருந்து கத்திரியும் கடுதாசியுமாக வந்தார்கள். வேலம்மாளும் சொர்ணக்கிளியும் சுவருக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வெள்ளிக்கிழமை முடி வெட்டக்கூடாது” என்றாள் வேலம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

“இன்னைக்குப் புதன்கிழமைம்மா” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“இந்தச் சுவத்துக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான்” என்றாள் சொர்ணக்கிளி. “போய்ட்டு வாங்க.”